குடும்பப் படங்களும் அம்மாவுக்குப் பிடித்த வீடியோக்களும்: தரம் கெடாமல், கண்டவர் கைக்குப் போகாமல் பகிர வழி சொல்லுங்கள்

செம்பூர்_வாசகி கேட்டது:

அப்பாவுக்கு அடுத்த மாதம் மும்பை மாட்டுங்காவில் சதாபிஷேகம். செம்பூர், முலுண்ட், திருநெல்வேலி, ஷார்ஜா என்று சொந்தக்காரர்கள் நாலு திசையிலும் இருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் 43 பேர். விசேஷத்துக்கு முன்பே சில விஷயங்களை ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

குழுவில் வரும் படத்தை அத்தை ஃபிரேம் போடக் கொடுத்தால் மங்கலாக வருகிறது. அக்கா மகன் ஐபோனில் எடுத்தது அண்ணாவின் கம்ப்யூட்டரில் திறப்பதே இல்லை. நீளமான வீடியோ எதுவும் போய்ச் சேருவதில்லை. 1970-களின் ஆல்பம் இரண்டு இருக்கிறது: பிசின் தடவிய அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள். படங்கள் அட்டையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. கடைசியாக, அம்மா யூடியூபில் கேட்கும் கச்சேரி, பழைய பாட்டு, கோயில் உற்சவம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்து டிவியில் வரும்படி செய்ய வேண்டும். சித்தியும் பெரியம்மாவும் தங்களுக்குப் பிடித்ததை அதில் சேர்க்க ஆசைப்படுகிறார்கள்.

குழந்தைகள் இருக்கும் படங்கள் வெளியாள் கைக்குப் போகக் கூடாது. பெரியவர்கள் பலருக்குக் கடவுச்சொல் ஞாபகம் இருக்காது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை.

கிங்ஸ்சர்க்கிள் பதில்:

முதலில் மங்கலாவது எங்கே என்று பார்த்துவிடலாம். போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 4032 × 3024 புள்ளி. அதை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கணக்கு. அசலை 13 × 10 அங்குலம் வரை தாராளமாகப் போடலாம். சுருங்கியது 5 × 4 அங்குலத்தோடு சரி. அதற்கு மேல் ஸ்டுடியோவில் இழுத்துப் பெரிதாக்கினால் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். முதலில் பலியாவது நுணுக்கமான வேலைப்பாடுதான். பட்டுப்புடவைக் கரையில் இருக்கும் ருத்ராட்சக் கட்டம் அசலில் ஒவ்வொரு முத்தாகத் தெரியும். சுருங்கிய படத்தில் அது வெறும் மஞ்சள் பட்டை.

வாட்ஸ்அப்பிலேயே இரண்டு மாற்று வழி உண்டு. அனுப்பும் முன் படத்துக்கு மேலே தெரியும் எச்டி பொத்தானை அழுத்தலாம். இது 2023-இல் வந்தது. சாதாரணத்தைவிட நன்றாக இருக்கும், ஆனாலும் அசல் இல்லை. அசலே வேண்டுமென்றால் கிளிப் குறியைத் தொட்டு, டாக்குமென்ட் என்பதில் போய், அங்கிருந்து படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை ஒரு பிட்டும் குறையாமல் போகும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. படமாக அனுப்பும்போது அதற்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை வாட்ஸ்அப் நீக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் நீக்காது. வீட்டில் எடுத்த படமானால், வீடு இருக்கும் இடம் வரைபடத்தில் புள்ளி வைத்தாற்போல் கூடவே போகும். குழந்தைகள் படத்துக்கு இதை மறக்காதீர்கள்.

43 பேருக்கு நூற்றுக்கணக்கான படம் என்றால் வாட்ஸ்அப் சரியான இடமே இல்லை. ஒவ்வொருவர் போனிலும் ஒரு பிரதி இறங்கி, பெரியவர்கள் போன் நிரம்பிப்போகும். கூகுள் போட்டோஸில் ஆல்பம் போட்டு, குழுவில் இணைப்பை மட்டும் அனுப்புங்கள். பார்ப்பதற்குக் கணக்கோ கடவுச்சொல்லோ தேவையில்லை, தொட்டால் திறக்கும். படம் சேர்க்க மட்டும் கூகுள் கணக்கு வேண்டும்.

தவறு நடக்கும் இடங்களைச் சொல்கிறேன். பேக்கப் தரம் 'ஒரிஜினல்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஸ்டோரேஜ் சேவர்' என்றிருந்தால் படங்களை மறுபடி அழுத்திச் சுருக்கும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டதை 16-க்குக் கொண்டுவரும், 4கே வீடியோவை 1080-க்கு இறக்கிவிடும். ஒருமுறை சுருங்கி ஏறியது பின்னால் அமைப்பை மாற்றினாலும் பழையபடி ஆகாது. இலவச இடம் 15 ஜிபி. அதில் ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1-க்கு முன் இருந்த 'எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம்' இப்போது கிடையாது. ஆகவே ஒருவர் மட்டும் சந்தா கட்டி அந்தக் கணக்கில் ஆல்பத்தை வையுங்கள். யாரும் தொடாத பழைய கணக்கில் வைக்க வேண்டாம். இரண்டு வருடம் உபயோகமில்லாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலிக்குள் 'டிலீட்' செய்தால் போனிலும் போகும், கூகுளில் ஏறியதும் போகும், ஆல்பத்திலும் காணாது. போனில் மட்டும் இடம் காலி செய்ய 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக இருக்கிறது. தப்பாக அழித்ததைக் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை தேடி எடுக்கலாம்.

ஆல்பத்தை இரண்டாகப் போடுவது நல்லது. ஒன்று சேகரிக்க. அதில் மற்றவர்களும் படம் சேர்க்கும் அனுமதியைத் திறந்து, விசேஷத்தன்று எல்லோரும் தங்கள் போனிலிருந்து ஏற்றட்டும். ஒரு வாரம் கழித்து அதன் இணைப்பை மூடிவிடுங்கள். இரண்டாவது, அதிலிருந்து பொறுக்கி எடுத்த 150, 200 படம். இதில் யாரும் சேர்க்க முடியாது, இடக்குறிப்பு காட்டும் விருப்பமும் அணைத்திருக்க வேண்டும். இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்பதால் குழந்தைகள் படத்துக்கு மூன்றாவதாக ஒன்று போட்டு, இணைப்பு தராமல், நெருங்கியவர்களை மட்டும் அவரவர் மின்னஞ்சல் வழியாகச் சேருங்கள்.

தாராவி_90அடி பதில்:

மேலே சொன்னதோடு ஒரு சின்ன விளக்கம். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்வதால் படம் மறுபடி சுருங்குவதில்லை; முதல் ஆள் அனுப்பியபோது சுருங்கியதே அப்படியே போகும். கேலரியில் இறங்கியதை எடுத்து மறுபடி புதிதாக அனுப்பும்போதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும்போதும்தான் மேலும் கெடும். ஆகவே முதல் ஆள் ஒழுங்காக அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஐபோன் விஷயம்: 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படத்தை எச்இஐசி என்ற வடிவத்திலும் வீடியோவை எச்இவிசி-யிலும் சேமிக்கிறது. இடம் குறைவாகப் பிடிக்கும், பழைய கம்ப்யூட்டருக்கும் பழைய டிவிக்கும் புரியாது. விசேஷத்தன்று காலையில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' போட்டுவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்ததற்கு: செட்டிங்ஸ், போட்டோஸ் (புதிய ஐஓஎஸ்-இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், போட்டோஸ்), அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதில் 'ஆட்டோமேட்டிக்' வைத்தால் கேபிளில் எடுக்கும்போதே ஜேபெக் ஆக மாறி வரும். அண்ணாவின் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எச்இஐசி-யைத் திறக்க உதவும் ஹெய்ஃப் நீட்டிப்பு இலவசம். அதைப் போட்டாலே படம் திறக்கும். வீடியோவுக்கு வேண்டிய நீட்டிப்புக்குச் சிறு தொகை கேட்கும். அதற்கு பதில் விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம்.

வீடியோ அளவு. ஐபோனே செட்டிங்ஸில் காட்டும் கணக்கு இது: 1080 தரம், விநாடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி, 4கே 30 சட்டம் என்றால் 170 எம்பி. வாட்ஸ்அப் டாக்குமென்டின் 2 ஜிபி வரம்பில் 4கே வீடியோ 12 நிமிடத்தைத் தாண்டாது. இரண்டு மணி நேர வைபவம் 4கே-யில் 20 ஜிபி. 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' போட்டால் 1080-க்கே நிமிடத்துக்கு 130 எம்பி ஆகும், போனில் இடம் இருக்கிறதா என்று முன்னதாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'ஃபாஸ்ட் 1080பி30' தேர்ந்து, தர எண் 20 முதல் 22-க்குள் வைத்தால் டிவியிலும் போனிலும் பார்க்க வித்தியாசம் தெரியாத அளவுக்குச் சுருங்கும். அசலை அழிக்காமல் ஒரு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். பென் டிரைவில் போட்டுத் தரும்போது 'கோப்பு மிகப் பெரிது' என்று வந்தால் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றலாம். ஆனால் ஊரில் இருக்கும் பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். அங்கே வீடியோவை இரண்டு துண்டாக்கி ஃபேட்32-இலேயே கொடுப்பது பத்திரம்.

பழைய_ஆல்பம் பதில்:

அந்த 1970-களின் ஆல்பத்தை யாரும் பிய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே போனில் படம் எடுத்து வைப்பது. எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே பின்னால் வருடத்தையும் ஊரையும் கண்டுபிடிக்க உதவும்.

பிளாஸ்டிக் தாளை மூலையிலிருந்து மெதுவாக, ஆல்பத்தோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து இழுங்கள். நேராக மேலே தூக்கினால் படத்தின் மேல்பரப்பு கூடவே வரும். பிறகு மெழுகு தடவாத பல்லிடுக்கு நூல், மருந்துக்கடையில் ஃபிளாஸ் என்று கேட்டால் கிடைக்கும். ஒன்றரை அடி வெட்டி, இரண்டு கையிலும் பிடித்து, படத்தின் மூலைக்கு அடியில் நுழைத்து ரம்பம் இழுப்பதுபோல் இடமும் வலமுமாக நகர்த்துங்கள். பிசின் அறுபடுவது விரலுக்கே தெரியும். படம் வளைய ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு எதிர் மூலையிலிருந்து வாருங்கள். ஹேர் டிரையர் காட்டச் சொல்வார்கள். வேண்டாம். பிசின் இளகி இன்னும் ஆழமாக ஊறும், படம் சுருண்டுகொள்ளும். தண்ணீர் அறவே கூடாது. நூலுக்கும் மசியாத படத்தை அட்டையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தோடு ஸ்கேனரில் வையுங்கள்.

மும்பையில் இதைச் செய்ய ஏற்ற காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை மாதங்களில் காற்றின் ஈரம் படத்தின் ஜெலட்டினில் ஏறி, தொட்டாலே பிசுபிசுக்கும். வெள்ளைப் பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், சாயம் கரைந்து வந்துவிடும். நன்றாக உலர்ந்தபின் மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிடலாம். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறிக் காட்டும் ஜெல் வாங்கினால், ஈரம் குடித்து முடித்ததும் தெரிந்துவிடும்.

ஸ்கேன் எண்கள்: 4 × 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. அது 2400 × 3600 புள்ளி, 8 மெகாபிக்சலுக்கு மேல். அசலைத் தரம் குறைக்காத டிஃப் வடிவத்தில் (ஒன்று சுமார் 26 எம்பி), பகிர்வதற்கு ஜேபெக் ஆக ஒரு பிரதி. நெகட்டிவ் கிடைத்தால் அதையே முதலில் எடுங்கள், அச்சில் இல்லாத விவரம் அதில் இருக்கும். 2400 டிபிஐ போதும்; மேல் மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர் வேண்டும். அந்தக் காலக் கலர் படங்கள் செம்மை ஏறியிருப்பதற்குக் காரணம், அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடுவதுதான். ஸ்கேனரின் நிறத் திருத்தம் ஓரளவு மீட்கும். திருத்தாத ஸ்கேன் ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, பிரதியில் திருத்துங்கள்.

ஸ்கேனர் இல்லாமல் போனில் எடுப்பதானால், ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், ஃபிளாஷ் அணைத்து, படத்துக்குச் சரியாக மேலே போனைப் பிடிக்க வேண்டும். மிக அருகில் போகாமல் இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் ஓரங்கள் வளையாது. பட்டுத்துணிபோல் சொரசொரப்பான ஸ்டுடியோத் தாளில் அந்தச் சொரசொரப்பே மின்னித் தொலைக்கும்; கூகுளின் போட்டோஸ்கேன் செயலி நாலு மூலைக்கும் நகர்த்தி எடுக்கச் சொல்லி, பளபளப்பை ஓரளவு நீக்கித் தரும்.

பின்பக்கத்தில் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேன் செய்த தேதியே படத்தின் தேதி என்று பதிவாகும் என்பதால், 1974 கல்யாணப் படம் போன வாரத்துப் படங்களோடு வந்து நிற்கும். கூகுள் போட்டோஸிலேயே தேதியை மாற்றலாம், ஆனால் அந்த மாற்றம் அங்கே மட்டும் இருக்கும், கோப்புக்குள் எழுதப்படாது. ஏற்றுவதற்கு முன்பே டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் தேதி போட்டுவிட்டால் படம் எங்கே போனாலும் தேதி கூடவே போகும். கோப்புக்குப் பெயர் '1974-06 திருநெல்வேலி சித்தி கல்யாணம் 03' என்ற மாதிரி, வருடத்தை முன்னால் வைத்து.

பெயர் தெரியாத முகங்களுக்கு, ஸ்கேன் ஆனதும் டிவியில் பெரிதாகப் போட்டு அப்பாவிடம் காட்டுங்கள். அவர் சொல்லச் சொல்ல போனில் குரலைப் பதிவு செய்து, படத்தின் எண்ணையும் அதில் சொல்லிக்கொண்டே போங்கள். 20 படத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம்.

முலுண்ட்_லோக்கல் பதில்:

அம்மாவின் பாட்டுத் தொகுப்புக்கு யூடியூப் பிளேலிஸ்ட்தான் வழி. வீடியோவை இறக்கி அனுப்ப வேண்டாம். உரிமை இன்னொருவருடையது, தரமும் போகும், போனும் நிரம்பும். வீடியோவுக்குக் கீழே 'சேவ்' தொட்டுப் புதிய பிளேலிஸ்ட் தொடங்கி, அதை 'அன்லிஸ்டட்' என்று வையுங்கள். 'பிரைவேட்' என்று விட்டுவிட்டால் நீங்கள் அனுப்பும் இணைப்பு சித்திக்குத் திறக்காது. பெரும்பாலும் நடக்கும் தவறு இதுதான். பிறகு பிளேலிஸ்ட் அமைப்பில் 'கொலாபரேட்' திறந்து, அந்தத் தனி இணைப்பைச் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும் கொடுத்தால் அவர்களும் சேர்க்கலாம்.

டிவியில் அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் நூலகத்தில் தொகுப்பு வந்துவிடும். கடவுச்சொல் தட்ட வேண்டாம். டிவி காட்டும் எண்ணை உங்கள் போனில் போட்டால் போதும். கச்சேரி, பழைய பாட்டு, உற்சவம் மூன்றையும் ஒரே தொகுப்பில் போடாதீர்கள். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அடுத்து மூன்று நிமிடப் பாட்டு வரிசையாக வந்தால் அம்மா ரிமோட்டோடு போராட வேண்டியிருக்கும்.

நீளமான கச்சேரியில் ஒரு ராகத்தை மட்டும் காட்ட: கம்ப்யூட்டரில் ஷேர் அழுத்தினால் 'ஸ்டார்ட் அட்' கட்டம் இருக்கும். போனில் கையால் சேர்க்கலாம். 12 நிமிடம் 40 விநாடி என்றால் 760 விநாடி. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி, சிறிய ஆங்கில எழுத்து 'டி', சமக்குறி, 760. முகவரியில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் இரண்டாவது கேள்விக்குறி வேலை செய்யாது, அதற்குப் பதில் & குறி போட வேண்டும். யூடியூப் ஷேர் இணைப்பில் 'எஸ்ஐ' என்று தொடங்கும் வால் ஒன்று இருக்கும். யார் பகிர்ந்தது என்று தடம் பிடிக்க வைத்தது அது. கேள்விக்குறியிலிருந்து வெட்டிவிட்டாலும் வீடியோ திறக்கும்.

பிளேலிஸ்ட் நாளாக நாளாக ஓட்டை விழும். ஏற்றியவர் நீக்கினால் அந்த இடத்தில் 'டிலீட்டட் வீடியோ' என்று மட்டும் இருக்கும், என்ன பாட்டு என்றுகூடத் தெரியாது. 2021 ஜூலையில், 2017-க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டட் வீடியோக்களை யூடியூப் பிரைவேட் ஆக்கியபோது இப்படி நிறையப் போனது. ஆகவே பாட்டு, பாடியவர், ராகம், சேனல் பெயர் நாலையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். போனால் வேறு பதிவைத் தேடிக்கொள்ளலாம்.

செம்பூர்_வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஃபிளாஸ் முறையில் இரண்டு படம் கழன்று வந்துவிட்டது. ஒரு சந்தேகம்: முழு வைபவ வீடியோவை யூடியூபிலேயே அன்லிஸ்டட் ஆகப் போடலாமா? வீடியோகிராபர் பின்னணியில் சினிமாப் பாட்டு சேர்ப்பார் என்று நினைக்கிறேன். அவர் நம் படத்தைத் தன் விளம்பரத்துக்குப் போடுவதை நிறுத்த முடியுமா?

முலுண்ட்_லோக்கல்:

போடலாம், அக்கா. 15 நிமிடத்துக்கு மேல் என்றால் முதலில் போன் எண்ணைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அன்லிஸ்டட் என்பது தேடலில் வராது, அவ்வளவுதான். இணைப்பு கிடைத்தவர் யாரும் பார்க்கலாம். யாராவது அதைத் தங்கள் பொதுப் பிளேலிஸ்டில் சேர்த்துவிட்டால் வெளியாட்களுக்கும் தெரிந்துவிடும். பிரைவேட் என்றால் மின்னஞ்சல் கொடுத்து 50 பேரை அழைக்கலாம், ஆனால் அவரவர் கணக்கில் நுழைந்துதான் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு அது சிரமம். குழந்தைகள் வரும் பகுதியை வெட்டிவிட்டு அன்லிஸ்டட் ஆகப் போடுங்கள்.

பாட்டைப் பொறுத்தவரை, பிரைவேட் வீடியோவையும் யூடியூப் சோதிக்கும். உரிமையாளர் உரிமை கோரினால் விளம்பரம் வரலாம், சில நாடுகளில் தடைபடலாம். ஷார்ஜாவில் திறக்காமல் போனால் இதுவே காரணமாக இருக்கும். வீடியோகிராபரிடம் இரண்டு பதிப்பு கேளுங்கள்: பாட்டுப் போட்டது டிவிக்கு, மண்டபத்தில் வாசித்த நாதஸ்வரமும் மந்திரமும் மட்டும் உள்ளது இணையத்துக்கு. அப்பாவின் குரலும் இரண்டாவதில்தான் தெளிவாகக் கேட்கும். ஏற்றியவுடன் இணைப்பை அனுப்பாதீர்கள். முதலில் குறைந்த தரம்தான் தயாராகும். 4கே வர மணிக்கணக்கில் ஆகலாம். முதல் நாளே மங்கலாகப் பார்த்தவர்கள் மறுபடி திறக்க மாட்டார்கள்.

கிங்ஸ்சர்க்கிள்:

படம் யாருக்குச் சொந்தம் என்பதற்கு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. அந்த 'இல்லாதவரை' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும்போது நீட்டும் ரசீதின் அடியில் 'விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்' என்று சிறிய எழுத்தில் இருந்தால் அடித்துவிட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 'குழந்தைகள் படம் எந்தச் சமூக ஊடகத்திலும் கூடாது' என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதே தாளில், ஆல்பத்துக்குப் பொறுக்கியது மட்டுமல்லாமல் எடுத்த படம் எல்லாம் முழு அளவு ஜேபெக் ஆக, உங்கள் ஹார்டு டிஸ்கில், எத்தனை நாளுக்குள் என்பதும் இருக்கட்டும். டிஸ்கை முன்கூட்டியே வாங்கி வைத்து, மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் கார்டுகளிலிருந்து ஒரு பிரதி அங்கேயே எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.